பன்னிரண்டு பேருக்குப் புரியாத மோசடியா?

பெரிய மோசடி வழக்குகளிலிருந்து ஜூரியை வெளியேற்ற இங்கிலாந்து 40 ஆண்டுகளாக முயல்கிறது. இந்த முறை நடந்துவிடும் போலிருக்கிறது.

லண்டன் சுரங்க ரயிலின் ஜூபிலி பாதையை ஸ்ட்ராட்ஃபோர்டு வரை நீட்டிக்கும் வேலை 1999-ல் முடிந்தது. அந்த வேலையில் ஒப்பந்ததாரர்கள் கேட்ட நிலுவைத் தொகைகள் பற்றிய ரகசியத் தகவல்களை, ரயில் நிறுவனத்துக்குள் இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்து வாங்கினார்கள் என்று ஆறு பேர் மீது வழக்கு. 2003 ஜூனில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் ஜூரி முன்னால் விசாரணை தொடங்கியது. 21 மாதங்கள் ஓடின. 2005 மார்ச் 22 அன்று, இனி இதை நடத்துவதற்கில்லை என்று அரசுத் தரப்பே கைவிட்டது. குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ ஜூரி வாய் திறக்க வாய்ப்பே வரவில்லை. செலவு 60 மில்லியன் பவுண்டு என்று அப்போது பேசப்பட்டது.

இடையில் ஒரு ஜூரர் கர்ப்பமாகி விலகினார். இன்னொருவர் அரசு உதவித்தொகையை ஏமாற்றி வாங்கினார் என்ற சந்தேகத்தில் கைதானார். மோசடி வழக்கின் ஜூரர் மோசடிச் சந்தேகத்தில் உள்ளே போனதை லண்டன் பத்திரிகைகள் சும்மா விடுமா? மூன்றாவது ஆள், வருமானப் பிரச்சினையைச் சொல்லி இனி வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு உடல்நலக் குறைவு, வக்கீல்களின் சட்ட வாதங்கள், விடுமுறைகள், வாய்தாக்கள். கடைசி ஏழு மாதங்களில் ஜூரி உட்கார்ந்து சாட்சியம் கேட்டது சொற்ப நாட்களே. ஆரம்பத்தில் கேட்டது யாருக்கு நினைவிருக்கும்?

பழி ஜூரி மீது விழுந்தது. கட்டுமான ஒப்பந்தங்களின் நுணுக்கமெல்லாம் தெருவில் போகிற 12 பேருக்கு எப்படிப் புரியும் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியைத்தான் இங்கிலாந்து அரசுகள், கட்சி வேறுபாடு இல்லாமல், 40 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

நம் நாட்டில் ஜூரி என்றால் நானாவதி வழக்கு நினைவுக்கு வரும். மூத்த தலைமுறைக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, நடிகர்கள் பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஜூரி. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே வைக்கவில்லை. இங்கிலாந்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட குற்ற வழக்குகள் அங்கேயும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே முடிந்துவிடும். மிச்சமுள்ள பெரிய வழக்குகள்தான் கிரவுன் கோர்ட்டுக்குப் போகும். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 12 பேர். சட்டம் இன்னது என்று நீதிபதி சொல்வார். நடந்தது என்ன என்று ஜூரி முடிவு செய்யும். 1967 முதல் 10 பேர் ஒத்துப்போனாலே தீர்ப்பு செல்லும். அறைக்குள் என்ன பேசினோம் என்று ஜூரர் வெளியில் சொன்னால் அதுவே குற்றம்.

ராஸ்கில் போட்ட பிள்ளையார் சுழி

1980-களின் லண்டனில் பங்குச்சந்தை கொழித்துக்கொண்டிருந்தது. கோட் சூட் போட்ட திருடர்களைச் சட்டத்தால் பிடிக்க முடியவில்லை என்ற எரிச்சல் மக்களிடம் இருந்தது. 1983-ல் ராஸ்கில் பிரபு தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. 1986 ஜனவரியில் வந்த அதன் அறிக்கை, சிக்கலான மோசடி வழக்குகளுக்கு ஜூரி வேண்டாம், ஒரு நீதிபதியும் நிதித் துறை அறிந்த இரண்டு பேரும் உட்கார்ந்தால் போதும் என்றது. குழுவில் வால்டர் மெரிக்ஸ் மட்டும் உடன்படவில்லை. ஜூரிக்குப் புரியவில்லை என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு மாற்றுக் குறிப்பு எழுதினார். குழு தன் பங்குக்கு ஆய்வும் செய்ய வைத்திருந்தது. அருஞ்சொல் பட்டியலும் படங்களும் கையில் கொடுத்தால் சாதாரண ஆட்கள் நிதி விவகாரங்களை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. பரிந்துரை எழுதும்போது அது பெரிதாக எடைபெறவில்லை.

அரசு பாதியை ஏற்றது. மோசடியை விசாரிப்பதற்கென்றே ‘சீரியஸ் ஃபிராடு ஆபீஸ்’ என்ற தனி அமைப்பு 1988-ல் வேலையைத் தொடங்கியது. ஜூரியைத் தொடும் துணிச்சல் மட்டும் வரவில்லை.

அதன் பிறகு வந்த வழக்குகளை வரிசையாகப் பார்த்தால் ஜூரியின் மேல் குறை சொல்வது அவ்வளவு எளிதல்ல. 1990-ல் கின்னஸ் மதுபான நிறுவனத்தின் பங்கு விலையைச் செயற்கையாக ஏற்றிய வழக்கில், தலைமை நிர்வாகி எர்னஸ்ட் சாண்டர்ஸ் உட்பட நான்கு பெரும்புள்ளிகளை ஜூரி தண்டித்தது. புரியாமலா செய்தார்கள்? அடுத்து, பங்கு வெளியீடு பற்றிய புளூ ஆரோ வழக்கு. ஓர் ஆண்டு நடந்து 1992-ல் ஜூரி தண்டித்தது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. வழக்கு மிதமிஞ்சி நீண்டு, எந்த ஜூரியாலும் தாங்க முடியாத சுமையாகிவிட்டது என்பதே காரணம். சுமையை ஏற்றியவர்கள் ஜூரர்கள் அல்லர். 1996 ஜனவரியில் மேக்ஸ்வெல் சகோதரர்கள் எட்டு மாத விசாரணைக்குப் பிறகு விடுதலையானார்கள். அப்பா, பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் 1991-ல் கடலில் விழுந்து இறந்தபோது ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் பல நூறு மில்லியன் பவுண்டு காணாமல் போயிருந்தது. நாடே கொதித்தது; ஜூரி மகன்களை விட்டது. உடனே ‘ஜூரிக்குப் புரியவில்லை’ என்ற பல்லவி. தண்டித்தால் புத்திசாலிகள், விடுதலை செய்தால் மக்குகள் என்று கணக்குப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி கணக்கைப் பற்றியதா?

மோசடி வழக்கு என்றதும் நாம் கணக்குப் புத்தகங்களையும் வங்கிப் பரிமாற்றங்களையும் நினைக்கிறோம். அவை எல்லாம் உண்டு. பெட்டி பெட்டியாக உண்டு. ஆனால் பெரும்பாலான வழக்குகளில் பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இருக்காது. அந்த ஆள் அதைச் செய்தபோது நேர்மையாக நடந்துகொண்டாரா என்பதில்தான் சண்டை.

நேர்மையின்மை என்பதற்கு இங்கிலாந்துச் சட்டத்தில் வரையறை கிடையாது, வேண்டுமென்றேதான். அது சாதாரணச் சொல், அதன் பொருளை ஜூரி தன் அனுபவத்திலிருந்து முடிவு செய்யட்டும் என்று 1973-ல் ஃபீலி வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1982-ல் கோஷ் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், செய்யாத அறுவைக்குக் கட்டணம் கேட்டார் என்ற வழக்கு வந்தது. அதில் அளவுகோல் இரண்டாகப் பிரிந்தது: ஊரில் நேர்மையானவர்கள் இதை நேர்மையற்றது என்பார்களா, அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கே தெரியுமா. தன் மனசாட்சியே மழுங்கிப்போனவனுக்கு இரண்டாவது கேள்வி தப்பிக்கும் வழியாகிவிட்டது. 35 ஆண்டுகள் இது ஓடியது.

அதை மூடியது ஒரு சூதாட்ட வழக்கு. 2012-ல் ஃபில் ஐவி என்ற அமெரிக்கச் சீட்டாட்டக்காரர் லண்டன் மேஃபேர் பகுதியின் கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் 7.7 மில்லியன் பவுண்டு ஜெயித்தார். சீட்டுகளின் பின்பக்க ஓர வடிவத்தில் நூலிழை வித்தியாசம் இருந்தது. ராசி பார்க்கிறேன் என்ற சாக்கில், சில சீட்டுகளைத் திருப்பி வைக்கும்படி விடுதி ஊழியரையே செய்ய வைத்து, எது நல்ல சீட்டு என்பதை முதுகைப் பார்த்தே கண்டுகொண்டார். விடுதி பணம் தர மறுத்தது. ஐவி வழக்குப் போட்டார். இது ஆட்டக்காரனின் சாமர்த்தியம், ஏமாற்று அல்ல என்று அவர் மனதார நம்பினார். நீதிபதியும் அவர் அப்படி நம்பியதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருக்கு என்ன தெரியும், எதை நம்பினார் என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு சாதாரண நாகரிக மனிதர்களின் அளவுகோலை வைத்து அந்தச் செயலை எடை போட வேண்டும். அவருடைய சொந்த அளவுகோலுக்கு அங்கே வேலை இல்லை என்றது நீதிமன்றம்.

சாதாரண நாகரிக மனிதர்களின் அளவுகோல் என்ன என்று கேட்க வேண்டுமென்றால், அப்படி 12 பேரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்பதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறதா? இந்த ஒரு காரணத்துக்காகவே, கொலை வழக்கைவிட மோசடி வழக்குக்குத்தான் ஜூரி அதிகம் தேவை என்பேன்.

இந்தக் கேள்வியை நீதிபதி ஜூரியின் கையிலிருந்து பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சாட்சி டாம் ஹேய்ஸ். யூபிஎஸ் வங்கியின் டோக்கியோ அலுவலகத்தில் வட்டி வர்த்தகம் பார்த்தவர். வங்கிகள் தங்களுக்குள் கடன் வாங்கினால் என்ன வட்டி ஆகும் என்று தினமும் சொல்லும் மதிப்பீட்டிலிருந்து ‘லைபார்’ என்ற விகிதம் கணக்கிடப்பட்டது. தன் வர்த்தகத்துக்கு லாபமாக அந்த எண்ணைச் சற்று ஏற்றவோ இறக்கவோ சொல்லிப் பல வங்கிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. 2015-ல் சதர்க் நீதிமன்றத்தில் ஜூரி தண்டித்தது. 14 ஆண்டு சிறை, மேல்முறையீட்டில் 11 ஆண்டாகக் குறைந்தது. ஐந்தரை ஆண்டு உள்ளே இருந்தார்.

2025 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சொல்லக்கூடிய வட்டி ஒன்றே ஒன்றல்ல, நியாயமான ஒரு வரம்புக்குள் சில எண்கள் இருக்கலாம். அதில் தனக்குச் சாதகமானதைத் தேர்ந்தால் அது உண்மையான மதிப்பீடா இல்லையா என்பது ஜூரி முடிவு செய்ய வேண்டிய விஷயம். விசாரணை நீதிபதியோ வர்த்தக லாபத்தை மனதில் வைத்துச் சொன்னாலே அது உண்மையான மதிப்பீடு ஆகாது, இது சட்டம் என்று ஜூரிக்குச் சொல்லிவிட்டார். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஹேய்ஸ் அப்பாவி என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. சரியாக வழிகாட்டப்பட்ட ஜூரி தண்டித்திருக்கப் போதுமான சாட்சியங்கள் இருந்தன என்றே சொன்னது. ஆனால் அந்த ஜூரிக்கு வழி சரியாகக் காட்டப்படவில்லை. இதே போல ஆர்தர் ஆண்டர்சன் தணிக்கை நிறுவனத்தை என்ரான் நிறுவனம் தொடர்பான ஆவணங்களை அழித்ததற்காக 2002-ல் ஓர் அமெரிக்க ஜூரி தண்டித்தது. நீதிபதி ஜூரிக்குச் சொன்ன சட்ட விளக்கம் தவறு என்று 2005-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. அதற்குள் நிறுவனமே இல்லாமல் போயிருந்தது. இரண்டு வழக்கிலும் தடுக்கி விழுந்தவர் நீதிபதி.

ஜூரர்களிடமே கேட்டபோது

ஜூபிலி வழக்கு கவிழ்ந்ததில் ஒரு நன்மை விளைந்தது. ஜூரர்கள் தீர்ப்பு விவாதத்துக்கே போகவில்லை. ஆகவே அவர்களிடம் பேச முடிந்தது. வழக்கு ஏன் கவிழ்ந்தது என்று ஆராயும் பொறுப்பு அரசு வழக்குத் துறையின் தலைமை ஆய்வாளர் ஸ்டீவன் வூலருக்குக் கொடுக்கப்பட்டது. ஜூரர்களை நேரில் சந்தித்தவர் பேராசிரியர் சாலி லாயிட்-பாஸ்டாக். புரியாமல் விழித்த கூட்டத்தை அவர் அங்கே பார்க்கவில்லை. குறிப்பு எடுத்திருந்தார்கள், வழக்கின் போக்கைப் பிடித்து வைத்திருந்தார்கள், ஒருவருக்கு விட்டுப்போனதை இன்னொருவர் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். தங்களுக்குப் புரியவில்லை என்று வெளியில் பேசப்பட்டதுதான் அவர்களுக்குப் பெரிய கோபம். 2006-ல் வந்த வூலர் அறிக்கை, குற்றச்சாட்டுகளை அகலமாக விரித்துக்கொண்டதையும் வழக்கை நடத்திய விதத்தையும்தான் முக்கியமாகக் குறை சொன்னது.

அந்த ஜூரர்கள் சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் ஜூரிக்காகப் பேசுகிறவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள். அந்த வழக்கு அவர்கள் பிழைப்பைக் கெடுத்தது. இரண்டு ஆண்டு கழித்துப் போனால் வேலையிடத்தில் அவர்கள் இடம் அதே இடமாக இல்லை. ஜூரர் வருமான இழப்புக்கு அரசு தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு: முதல் பத்து நாளைக்கு ஒன்று, அதன் பிறகு ஒன்று, 200 நாளைத் தாண்டினால் இன்னொன்று. 200 நாளைத் தாண்டுபவர்களுக்கென்று ஒரு விகிதத்தை அரசு எழுதி வைத்திருக்கிறது என்றால், அந்தக் கொடுமை அதற்குத் தெரிந்தேதான் இருக்கிறது. ஆறு மாத வழக்கு என்றதும் சொந்தத் தொழில் செய்கிறவர், கைக்குழந்தைக்காரி, பெரிய பதவியில் இருப்பவர் எல்லாரும் விலக்குக் கேட்டுப் போய்விடுவார்கள். மிஞ்சுகிற 12 பேர் ஊரின் மாதிரி ஆவார்களா?

ஆக, ஜூரிக்கு எதிராக இரண்டு வாதங்கள். புரியாது என்பது ஒன்று. அதற்கு ஆதாரம் மெரிக்ஸ் கேட்ட நாளிலும் இல்லை, இன்றும் இல்லை. மனிதர்களை இத்தனை நாள் கட்டிப்போடுவது அநியாயம் என்பது மற்றொன்று. இது முழு உண்மை. ஆனால் அதற்கு மருந்து வழக்கைச் சுருக்குவது. ஜூபிலி வழக்கு கவிழ்ந்த அதே 2005 மார்ச் 22 அன்றே தலைமை நீதிபதி வூல்ஃப் பிரபு ஒரு நெறிமுறை வெளியிட்டார். பெரிய மோசடி வழக்காக இருந்தாலும் மூன்று மாதத்தில் முடிக்கப் பாருங்கள், அதற்கு மேல் போவது அபூர்வமாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். நாற்பது குற்றச்சாட்டுக்குப் பதில் நான்கைத் தேர்ந்தெடு என்று அரசு வக்கீலிடம் சொல்ல நீதிபதிக்கு முதுகெலும்பு வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கலான வழக்கையும் சுருக்கமாக முடிக்க முடியும் என்பதற்கு ராஜ் ராஜரத்தினம் வழக்கை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் பிறந்த தமிழர், நியூயார்க்கில் கேலியன் என்ற முதலீட்டு நிதியத்தை நடத்திக் கோடீஸ்வரரானவர். நிறுவனங்களின் உள்தகவலை முன்கூட்டியே பெற்றுப் பங்கு வாங்கி விற்றார் என்ற வழக்கு 2011 மார்ச்சில் மன்ஹாட்டனில் தொடங்கியது. வெளியில் கிடைக்கும் துண்டுத் தகவல்களைக் கோத்து ஆராய்ந்து செய்த முதலீடு இது என்று அவர் தரப்பு வாதாடியது. பங்குச்சந்தையின் நெளிவுசுளிவு அத்தனையும் அதில் உண்டு. ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பதிவுகளை ஜூரி திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டது. நடுவில் ஒரு ஜூரருக்கு உடல்நலம் கெட்டது; முதல் நாளிலிருந்தே கூட உட்கார்ந்து கேட்டுவந்த மாற்று ஜூரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், விவாதம் முதலிலிருந்து நடந்தது. 12 நாள் விவாதத்துக்குப் பிறகு மே 11 அன்று 14 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று சொன்னார்கள். தொடங்கியதிலிருந்து இரண்டு மாதம்தான்.

ஜூரி தப்பே செய்யாது என்று சொல்ல வரவில்லை. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ‘ஹொரைசன்’ கணினி மென்பொருள் காட்டிய பொய்க் கணக்கை நம்பி, கிராமத்து அஞ்சலக நடத்துநர்களை மோசடிக்காரர்கள் என்று தண்டித்தவர்களில் ஜூரர்களும் உண்டு. 2010-ல் கில்ட்ஃபோர்டில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு 15 மாதச் சிறை கிடைத்தது அப்படி ஒரு ஜூரி தீர்ப்பால். மென்பொருளில் கோளாறு இருந்ததற்கான ஆவணங்களை வழக்குத் தொடுத்தவர்கள் மறைத்தார்கள். மறைத்ததை ஜூரியாலும் பார்க்க முடியாது, நீதிபதியாலும் முடியாது. 2024-ல் தனிச் சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் வரை பலருக்கு அந்தப் பழி நீங்கவில்லை.

நான்காவது முயற்சி

டோனி பிளேர் அரசு 2003-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டது: சிக்கலான மோசடி வழக்கை ஜூரி இல்லாமல் நடத்த அரசுத் தரப்பு கேட்கலாம். ஆனால் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் மறுபடி ஒப்புதல் தந்தால்தான் அந்தப் பிரிவு அமலுக்கு வரும் என்று எதிர்ப்பாளர்கள் கொக்கி போட்டிருந்தார்கள். 2007-ல் தனி மசோதாவாகக் கொண்டுவந்தபோது பிரபுக்கள் சபை கவிழ்த்தது. ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராத அந்தப் பிரிவை 2012-ல் அடுத்த அரசு நீக்கியே விட்டது.

இப்போது கிரவுன் கோர்ட்டுகளில் 75,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. 2027-ஐத் தாண்டியும் விசாரணைத் தேதிகள் கொடுக்கிறார்கள். இந்த நெருக்கடியில் ஓய்வு பெற்ற நீதிபதி சர் பிரையன் லெவ்சன் 2025 ஜூலையில் தந்த அறிக்கை, மற்ற பல மாற்றங்களோடு, சிக்கலான பெரிய மோசடி வழக்குகளை நீதிபதி மட்டுமே விசாரிக்கலாம் என்றது. டிசம்பரில் நீதித் துறை அமைச்சர் டேவிட் லாமி அதைக் கையில் எடுத்து, ஜூரியை இன்னும் பல வழக்குகளிலிருந்து குறைக்கும் திட்டத்தையும் சேர்த்து அறிவித்தார். இதே லாமி 2017-ல் நீதித் துறையில் இனப் பாகுபாடு பற்றி ஆய்வறிக்கை தந்தவர். நிறம் பார்க்காமல் நடந்துகொள்ளும் கட்டமாக அவர் அதில் கண்டது ஜூரியைத்தான்.

நீதிபதி தனியாக விசாரிப்பதில் ஓர் ஆதாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது: அவர் காரணம் எழுத வேண்டும். ஜூரி ஒற்றைச் சொல்லோடு எழுந்து போய்விடும். ஏன் தண்டிக்கப்பட்டேன் என்று கேட்பவனுக்கு, எழுதப்பட்ட தீர்ப்பு ஒரு பதில். இந்த வாதத்தை முன்வைத்து அரசு பேசியிருந்தால் நானே பாதி சம்மதித்திருப்பேன்.

ஆனால் லெவ்சன் அறிக்கை இந்த வழக்குகளை அடையாளம் காண முன்வைக்கும் அளவுகோல் வேறு மாதிரி இருக்கிறது: மறைந்திருக்கும் நேர்மையின்மை, அல்லது பொதுமக்களின் புரிதலுக்கு அப்பாற்பட்ட சிக்கல். நேர்மையின்மையைச் சாதாரண மனிதர்களின் அளவுகோலால் அளக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஐவி வழக்கில் சொன்னது இன்னும் சட்டமாகவே இருக்கிறது. சாதாரண மனிதர்களுக்குப் புரியாத நேர்மையின்மையை, அவர்கள் அளவுகோலால் அளந்து, அவர்கள் இல்லாத அறையில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மசோதாவை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் எந்த வாக்கியத்தில் ஒன்றாகக் கட்டப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.